மூடாத ஏழாம் துளை

அத்தியாயம் நான்கு

“இதுதான் கொலை நடந்த இடமா, சேர்?” என்று கதவடியில் நின்றபடி கேட்டான் கிளைட்டன்.

கொலை எதுவும் நடக்கவில்லை. கெட்டுப்போனது ஆறு தொன் இறால். அதுவும் ஏற்கெனவே செத்து, கழுவி, பொதி செய்து, குளிர்க்கிடங்கில் அடுக்கி வைத்திருந்த இறால். ஆனாலும் எத்தாளைக்கும் கற்பிட்டிக்கும் நடுவில், உப்புநீர்க் களப்போரம் இருந்த அந்தக் கம்பனியில் ஐந்து நாளாக எல்லோரும் மையத்து கிடத்திய வீட்டில் பேசுவதுபோல்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

துப்பறிவாளர் ஜவாஹிர் உள்ளே போனார். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் தொலைபேசிக் கம்பி இழுத்தவர். இப்போது இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக மற்றவர்களின் கம்பிகளில் மூக்கை நுழைக்கிறவர். மனைவி மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருஷம். கற்பிட்டியில் ஒரு வாடகை வீட்டில் டீவியைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். பார்ப்பதற்கல்ல, வீட்டில் ஏதாவதொரு குரல் கேட்க வேண்டுமே என்று. கிளைட்டன் சிலாபத்துப் பக்கம். நாற்பது வயது, ஓட்டோக்காரன், வாய்க்குப் பூட்டில்லாதவன். கேஸ் இல்லாத நாளிலும் ஜவாஹிர் அவனைக் கூப்பிட்டு விடுவார். ஏன் என்று அவன் கேட்டதில்லை. அவன் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அறையில் ஓர் இரும்பு அலுமாரி. அதற்குள் பயணப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு நெட்வேர்க் சுவிட்ச். அதன் முகத்தில் நான்கு தட்டுகள் செருகியிருந்தன. தட்டு ஒவ்வொன்றும் ஒரு காட். காட் ஒவ்வொன்றிலும் வயர் செருக வரிசையாகத் துளைகள். மூன்றாம் காட்டில் மட்டும் ஒரு லைட்டும் எரியவில்லை. ஏசி மட்டும் தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தது. ஜவாஹிருக்கு அந்த அறை பிடிக்கவில்லை. தன் வீட்டுக்குத் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

“சுவிட்ச் எண்டா ஃபேன் போடுற சாமான் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன்,” என்றான் கிளைட்டன்.

“கேளு. ஒபீஸ்ல இந்த ஒண்டு. குளிர்க்கிடங்குல இன்னொண்டு. ரெண்டும் சேர்ந்து ஒரே ஆள் மாதிரி வேலை செய்யிற. இடையில ரெண்டு மஞ்சள் வயர். ரெண்டு வயரும் ஒரே நேரத்துல போனா, மத்தவன் மவுத்தாப் போயிட்டான் எண்டு ஒவ்வொருத்தனும் நினைப்பான். ரெண்டு பேரும் தலைவனாகிருவாங்க.”

“எங்கட மாதா கோயில் திருநாள் கமிட்டி மாதிரி. போன வருஷம் ரெண்டு தலைவர். கொடியே ஏறயில்ல.”

“அதாலதான் ரெண்டு வயரையும் ஒரே காட்டில குத்தக்கூடாது. மஞ்சள் வயர் ஏறுறது ரெண்டு காட்டிலதான். ஒண்டாம் காட்டில ஒண்டு, மூண்டாம் காட்டில ஒண்டு. ஒரு காட் செத்தாலும் மத்தது தாங்கும்.”

“தோணியை ரெண்டு கயித்தால கட்டினா காணாது, ரெண்டு முளையில கட்டோணும்.”

“ஓம். இங்க ரெண்டு கயிறும் ஒரே முளையில.”

ஜவாஹிர் விரலால் காட்டினார். இரண்டு மஞ்சள் வயர்களும் செத்துப்போன மூன்றாம் காட்டில் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தன. வெள்ளிக்கிழமை, ஆட்களெல்லாம் ஜும்மாத் தொழுகைக்குப் போய், அரை நாளோடு கம்பனியும் மூடிக் கிடந்த நேரத்தில் அந்தக் காட் செத்தது. இரண்டு சுவிட்ச்சும் குழம்பிப்போனதில் குளிர்க்கிடங்கின் மெஷின்கள் நின்றன. அலாரம் ஒருவருடைய போனுக்கும் போகவில்லை. சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர்.

“அந்தக் காட் ஏன் செத்த?” என்று வாசலில் ஒரு குரல். கம்பனி முதலாளி பதுர்தீன் ஹாஜியார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட், சிவந்த கண்.

“உப்பு,” என்றார் ஜவாஹிர். “உள்ளுக்குப் பச்சை பிடிச்சீக்கி. அது இயற்கை. அதுல யாரையும் பிடிக்க ஏலாது.”

“அப்ப வயரை மாத்தினதும் இயற்கையா? மூண்டு கிழமைக்கு முந்தி, ஒரு ஞாயிறு பின்னேரம், இங்க நெட்வேர்க் பாக்கிற அஸ்மின்ட பாஸ்வேர்டால மாத்தீக்கி. அவன்ட கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு கேட்ட. நான் ஆறு நாள்தான் தந்த. அந்தக் கோவம். சனிக்கிழமை காலையில நான் வர முந்தி வந்து அஞ்சு நிமிஷம் இந்த அறைக்குள்ள ஈந்தீக்கான். என்ன செஞ்ச எண்டு கேட்டா வாயைத் திறக்கிறானில்ல. நாலு மணி வரைக்கும் உங்களுக்கு டைம். அதுக்குப் பிறகு நான் பொலிஸுக்குப் போற.”

“மணி இப்ப பன்னண்டு,” என்று உதவிக்கு வந்தான் கிளைட்டன்.

ஜவாஹிர் ரோச் லைட்டை ஒன்றாம் காட்டில் அடித்தார். பன்னிரண்டு துளை. ஐந்தில் வயர் இருந்தது. மற்றத் துளைகளில் நீல நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. கிளைட்டன் குனிந்து பார்த்தான்.

“இது றப்பர் செருப்பெல்லோ!”

“அவன்ட வேலைதான்,” என்றார் ஹாஜியார். “பழைய செருப்பை வெட்டி வெட்டி எல்லா ஓட்டையையும் அடைச்சு வைப்பான். இங்கத்தக் காத்துக்கு ஒரு கிழமை திறந்து கிடந்தா உள்ளுக்கு உப்புப் படிஞ்சிரும். இந்தக் காட்டில ஆறு ஓட்டை அப்பிடித்தான், அடைக்க முந்தியே செத்த. அதுல மட்டும் அவனைக் குறை சொல்ல மாட்டன்.”

“ஏழாவதை மட்டும் அடைக்கல்ல,” என்றார் ஜவாஹிர்.

உண்மைதான். ஏழாம் துளை வெறுமனே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அஸ்மினின் சின்ன எழுத்தில் ‘லிங்க் 1’ என்று ஒட்டியிருந்தது. மூன்று கிழமைக்கு முன்பு வரை மஞ்சள் வயர் இருந்த இடம்.

“வயரை மாத்தி மூண்டு கிழமை. இவ்வளவு நாளும் துளை திறந்து கிடந்திருந்தா இந்நேரம் உப்புப் படிஞ்சீக்கணும். உள்ளுக்குப் பாரு, பளபள எண்டு ஈக்கி. அப்ப சனிக்கிழமை வரைக்கும் இதுல வேற ஏதோ வயர் ஈந்தீக்கி. அந்த அஞ்சு நிமிஷத்துல அதைத்தான் பிடுங்கினான். செருப்பு வெட்ட நேரமில்ல.”

ஹாஜியார் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். ஜவாஹிர் நகத்தால் நெம்பி, துளைக்குள்ளிருந்து விரல் நீளத்தில் ஓர் உலோகத் துண்டை இழுத்தெடுத்தார். வயரின் நுனி வந்து உட்காரும் துண்டு அது. முன்பக்கத்தில் காதுபோல் ஒரு சின்னப் பிடி. கறுப்பு நிறம்.

“மத்த எல்லாத்துக்கும் நீலக் காது. இதுக்கு மட்டும் கறுப்பு. வயரைப் பிடுங்கினவன் இதை மறந்துட்டான். இது பழைய காலத்துச் சாமான், கிளைட்டன். பழைய ஆரஞ்சு வயருக்குத்தான் ஒத்துவரும். ஒண்டாம் காட் பழசையும் எடுக்கும், புதுசையும் எடுக்கும். மூண்டாம் காட் புதுசை மட்டும்தான் எடுக்கும்.”

“அதாவது வீட்டுக்கு ஒரு வயசாளி வந்திட்டார். அவரால கீழ்த்தட்டுக் கட்டில்லதான் படுக்க ஏலும். அங்க படுத்த இளந்தாரியை மேல அனுப்பியாச்சு.”

“சரியாச் சொன்னாய். மஞ்சள் வயர் ரெண்டு காட்டிலயும் போகும். அதால அதை எழுப்பி மூண்டாம் காட்டுக்கு அனுப்பீக்கான். ஹாஜியார், இங்க ஆரஞ்சு வயர் எங்கயாவது ஓடுதா?”

ஹாஜியார் நெற்றியைத் தடவினார். “பம்ப் வீட்டுக்கு ஒண்டு புதைச்ச. எட்டு வருஷமிருக்கும். அங்க ஒரு கமரா வைக்க. சாதா வயர் நூறு மீற்றருக்கு மேல இழுக்காதாம், இது நானூறு மீற்றர் தாண்டின தூரம் எண்டு அந்த வயரைப் போட்டாங்க. கமரா உப்புல போச்சு. வயர் மண்ணுக்குள்ள ஈக்கும்.”

“பம்ப் வீட்டில யாரு?”

“அனஸ்தாசியா எண்டு ஒரு பொம்புள. இறால் குளத்துக்குத் தண்ணி மாத்திறவ. மாப்புள இத்தாலியில. அங்கயேதான் தங்கிற, தனியா.”

ஜவாஹிர் மூலையிலிருந்த கம்பியூட்டரைத் திறந்தார். எந்தத் துளையால் எவ்வளவு போனது, வந்தது என்று அது நாள்தோறும் குறித்து வைத்திருந்தது. ஏழாம் துளையில் ஆரஞ்சு வயர் ஓடிய பத்தொன்பது நாளையும் பார்த்தார். மறுபடி பார்த்தார். ஒரு துண்டுக் கடதாசியில் ஓர் எண்ணை எழுதி சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“என்ன சேர் அது?”

“இன்னும் தெரியா.”

அஸ்மின் கேற்றடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். இருபத்தொன்பது வயது. ஐந்து நாளாக வேலை இல்லை. ஆனாலும் காலை எட்டு மணிக்கு வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிட்டு, ஐந்து மணிக்குப் போகிறான் என்று காவலாளி சொன்னார். யாரும் அவனோடு பேசுவதில்லை. கூட வேலை செய்தவர்கள் தூரத்தால் சுற்றிப் போனார்கள்.

ஜவாஹிர் கறுப்புக் காதுத் துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் அதைப் பார்த்தான். விரல்களை மூடிக்கொண்டான்.

“ஆரஞ்சு வயரை எதுக்குச் செருகின, தம்பி?”

“நானா,” என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான். “என்ட பேரை எழுதுங்க. நான்தான் மாத்தின. பிழை என்ட. வேற ஒண்டும் எழுத வேணாம்.”

“ஒம்பது நாளில உனக்கு நிக்காஹ்.”

“தெரியும்.”

“பொலிஸ் வந்து நிண்டா பொண்ணு வீட்டார் என்ன செய்வாங்க?”

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து செருப்பைச் சரிசெய்தான்.

பம்ப் வீடு வரைக்கும் ஓட்டோ போகாது; குளக்கட்டு முனையில் அதை நிறுத்தினார்கள். குளக்கட்டில் நடக்க வேண்டும். ஒரு பக்கம் இறால் குளங்கள், மறுபக்கம் களப்பு. தூரத்தில் நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைக்கூண்டு. மூன்று கழுதைகள் கட்டின் நடுவில் நின்று, வழிவிடுவதா வேண்டாமா என்று யோசித்தன. காற்று காதைப் பிய்த்தது. நானூறு மீற்றருக்குள் மனிதவாடை முழுதாக நின்றுபோனதை இருவருமே கவனித்தார்கள்.

கிளைட்டனால் தாங்க முடியவில்லை. “எனக்கு விளங்கிட்டு, சேர். தனியா ஒரு பொம்பிளை. புருஷன் இத்தாலியில. ஒரு இளந்தாரி. களவா ஒரு லைன். இதுக்குத் துப்பறியிற ஆக்கள் தேவையில்ல, சந்தையில மீன் வாங்க வந்தவளே சொல்லிப்போடுவாள்.”

ஜவாஹிர் நின்றுவிட்டார்.

“என்ன சேர்?”

“இதாண்டா. உனக்கு ஒரு நிமிஷத்துல வந்த கதை ஊருக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும்? இதுக்குத்தான் அவன் வாயைத் திறக்கல்ல.”

கிளைட்டன் ஒரு கல்லை எத்திக்கொண்டே நடந்தான். “நான் பகிடிக்குச் சொன்னது,” என்றான் பிறகு.

“ஊரும் முதல்ல பகிடிக்குத்தான் சொல்லும்.”

அனஸ்தாசியாவுக்கு நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு வயதிருக்கும். பம்ப் சத்தத்துக்கு மேலால் கத்திப் பேசிப் பழகிய குரல். ஆட்கள் வருவதைத் தூரத்திலேயே கண்டிருக்க வேண்டும். தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள். மூன்று கோப்பை. மூன்றும் ஒன்றுக்கொன்று சேராத கோப்பை.

ஒரே அறை. கட்டில், மாதா படம், ஒரு மேசை, மேசைக்கு முன்னால் ஒரு கதிரை. மேசையில் ஒரு பால்மா ரின்னில் சாய்த்து வைத்த போன். சுவரோரம் சிறிய வைஃபை பெட்டி, விளக்கில்லாமல். கதிரைக்குப் பின்னால் பூப்போட்ட புதுத் திரை ஒன்று தொங்கியது.

“திரையைத் திறந்தா காத்து வருமே அக்கா,” என்று கிளைட்டன் போய் விலக்கினான். பின்னால் ஜன்னல் இல்லை. வெறும் சீமெந்துச் சுவர்.

அனஸ்தாசியா சிரிக்கப் பார்த்தாள். “வீடியோ கோல்ல அவருக்குப் பின்னால சுவர் தெரியக்கூடாது எண்டு. பம்ப் வீட்டில இருக்கிறன் எண்டு நான் சொல்லயில்ல. வீடு கட்டியாச்சு எண்டுதான் சொல்லியிருக்கிறன்.”

ஜவாஹிர் கதிரையிலிருந்து எழுந்து கட்டில் விளிம்பில் இருந்தார். அந்தக் கதிரையில் இருக்க அவருக்கு மனம் வரவில்லை.

“லைன் இழுத்தது அஸ்மின்தானே?”

“ஓம். இங்க போனுக்குச் சிக்னல் இல்ல. மெயின் றோட்டுக்கு நடந்தா அங்க கிடைக்கும். ஆனா பம்பை விட்டிட்டுப் போக ஏலாது, தண்ணி நிண்டா குளம் செத்திடும். ஒரு நாள் பெடியன் மீற்றர் பாக்க வந்தவன், நான் றோட்டுப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டதைக் கண்டிட்டான். என்னக்கா எண்டு கேட்டான். அவர் கோல் எடுத்திருப்பாரோ தெரியாது எண்டன். அடுத்த ஞாயிறு வந்து மண்ணைத் தோண்டி அந்த வயரைத் தேடிப் பிடிச்சான்.”

“அவர் எடுப்பாரா?”

“ஒவ்வொரு நாளும். ஒரு மணித்தியாலம் கதைப்பார்.” அவள் குரல் சற்று உயர்ந்தது. “மிலான்ல வேலை. எட்டு வருஷமாச்சு. இப்ப அங்க மழையாம்.”

ஜவாஹிர் சட்டைப்பையைத் தொட்டார். உள்ளே அந்தத் துண்டுக் கடதாசி இருந்தது.

“தங்கச்சி, அந்த போன்ல கோல் லிஸ்ட் ஈக்கும். அதை ஹாஜியாருக்குக் காட்டினா போதும். லைன் எதுக்கு எண்டு விளங்கிரும். இல்லாட்டி நாலு மணிக்கு அஸ்மினைப் பொலிஸ்ல குடுக்கப் போறார், வேணுமெண்டே நாசம் செஞ்ச எண்டு.”

அவளுடைய கை போனை எடுத்துக்கொண்டது. “அது அழிஞ்சிட்டுது.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

ஜவாஹிர் வற்புறுத்தவில்லை. எழுந்து கோப்பையை மேசையில் வைத்தார். அவர் எழுந்தது கிளைட்டனுக்கே ஆச்சரியமாக இருந்தது. மணி இரண்டு ஐம்பது. கையில் வேறு சாட்சியே இல்லை.

“ஐயா,” என்றாள் அவள் பின்னாலிருந்து. “அவன் ஏன் என்ர பேரைச் சொல்லயில்ல?”

“தனியா ஈக்கிற பொம்புளைக்கு இவன் ஏன் களவா லைன் இழுத்த எண்டு ஊர் கேக்கும். உங்களைப் பத்தி ஒரு கதை வந்திரக்கூடாது எண்டு நினைக்கிறான். அவனுக்கு ஒம்பது நாளில கல்யாணம். பொலிஸுக்குப் போனா அது நிக்கும். சொன்னாலும் நிக்கும் எண்டு பயப்படுறான். அப்ப உங்கட பேராவது மிஞ்சட்டும் எண்டு ஈக்கான்.”

அதைக் கேட்டதும் அனஸ்தாசியா போனைத் திறந்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜவாஹிரிடம் நீட்டினாள்.

ஒரே பெயர், மேலிருந்து கீழ்வரை. ‘அவர்’. எல்லாம் அவள் பக்கமிருந்து போன அழைப்புகள். ஜவாஹிர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஒன்றுகூட மறுபக்கத்தில் எடுபடவில்லை. அங்கிருந்து வந்தது என்று ஒன்றுமே இல்லை.

கிளைட்டன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

“எனக்குத் தெரியும்,” என்றார் ஜவாஹிர் மெதுவாக. “அந்த லைனால பத்தொன்பது நாளில போனதை எழுதி வச்சீக்கன். ஒரு பாட்டு முழுசாக் கேட்டிருந்தாலே அதைவிடக் கூடப் போயிருக்கும்.”

“அப்ப ஏன் நான் பொய் சொல்லயிக்க பேசாம இருந்தீங்கள்?”

அவருக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. தன் வீட்டு டீவியைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவளே தொடர்ந்தாள்.

“லைன் வரமுந்தி நல்லா இருந்தது, ஐயா. சிக்னல் இல்லாதபடியாத்தான் எடுக்கிறாரில்ல எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். லைன் வந்த பிறகு அப்பிடி நினைக்க ஏலாமப் போச்சு. வெள்ளிக்கிழமை லைன் நிண்டுது. அண்டைக்குத்தான் நல்லா நித்திரை கொண்டன். இப்ப எடுத்துப் பாத்திருப்பார் எண்டு திரும்ப நினைக்கலாம்தானே.”

கிளைட்டன் போய்த் திரையைத் திரும்ப இழுத்துச் சுவரை மூடினான். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். போனைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகினாள்.

“வாங்கோ போவம். ஆனா பம்பை ஆர் பாக்கிற?”

கிளைட்டன் தன் மார்பைத் தொட்டான். “நான் பாக்கிறன், அக்கா. என்ன செய்யோணும்?”

“அந்த முள்ளு சிவப்புக்குப் போனா இந்தப் பிடியைக் கீழ இழு. வேற ஒண்டுமில்ல. ஒண்டும் நடக்காது. அதுதான் இதுல கஷ்டம்.”

“சேர், என்ர ஓட்டோவை நீங்களா ஓட்டப் போறீங்கள்?” கிளைட்டனின் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக உண்மையான பயம் தெரிந்தது.

மூன்று ஐம்பதுக்கு ஓட்டோ கம்பனி முற்றத்தில் ஒரு பூச்சாடியை உடைத்துக்கொண்டு வந்து நின்றது. பொலிஸுக்குப் போக ஹாஜியார் சாவியும் கையுமாகப் படியில் நின்றார். ஜவாஹிர் அவரை உள்ளே கூட்டிப்போய், கேற்றடியிலிருந்து அஸ்மினையும் அழைத்தார். அனஸ்தாசியாவைக் கண்டதும் அஸ்மின் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“நானா, நான் சொன்னேனே!”

“நீ சொன்ன. அவ கேக்கல்ல. இப்ப நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. ஒண்டாம் காட்டில சாகாத மத்த அஞ்சு துளையிலயும் வயர் ஈந்த. லிங்கை ஏன் எழுப்பின? அஞ்சாம் துளையில கேற் கமரா. அதை எழுப்பியிருந்தா இறால் தப்பியிருக்குமே?”

அஸ்மின் ஹாஜியாரைப் பார்க்காமல் பேசினான். “கமராவை நிப்பாட்டினா ஹாஜியார்ட போன்ல படம் நிக்கும். ஏன் எண்டு கேப்பார். மத்தத் துளைகளும் அப்பிடித்தான், ஒவ்வொண்டுக்கும் ஒராள் வந்து கேக்கும். லிங்கை ஒரு காட்டிலயிருந்து மத்தக் காட்டுக்கு மாத்தினா யாருக்கும் ஒண்டும் தெரியாது. எல்லாம் வேலை செய்யும். கல்யாணத்துக்கு முந்தி ஒரு புதுக் காட் கேட்டு வாங்கித் திருப்பி மாத்திரலாம் எண்டு நினைச்ச. ரெண்டையும் ஒண்டுல குத்தக்கூடாது எண்டு எனக்குத் தெரியும் நானா. தெரிஞ்சுதான் செஞ்ச.”

“யாரும் கேள்வி கேக்காத துளையாப் பாத்து எடுத்தீக்கான்,” என்றார் ஜவாஹிர். “பிழை, ஹாஜியார். பெரிய பிழை. ஆனா சதியில்ல. அறிக்கையில அப்பிடித்தான் எழுதுவன்.”

“பொம்புளையோட கதைக்க ஒரு லைன், அதுக்கு என்ட ஆறு தொன்!” ஹாஜியாரின் குரல் வெடித்தது. “இவங்க ரெண்டு பேருக்கும் நடுவில என்ன எண்டு நான் எப்பிடி நம்புற?”

அஸ்மின் கண்ணை மூடிக்கொண்டான். மூன்று கிழமையாக அவன் பயந்திருந்த வசனம் அதுதான்.

அனஸ்தாசியா இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவிழ்த்து, போனை ஹாஜியாரின் மேசையில் வைத்தாள்.

“பாருங்கோ, ஹாஜியார். ஆரோட கதைக்க அந்த லைன் எண்டு.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தள்ளினார். இன்னும் தள்ளினார். கோபமாக நகர்ந்த விரல் வரவர மெதுவாகி நின்றது. “இதுல ஒண்டுக்கும் பதில் வரல்லயே,” என்றார்.

“ஓம் ஹாஜியார்.”

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சாவியை மேசை லாச்சிக்குள் போட்டார். “பொலிஸ் வேணாம்,” என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. “நாளைக்கு அவனே வந்து வயரைத் திருப்பிக் குத்தட்டும். காட்டுக்கு ஒண்டு. நான் பக்கத்துல நிப்பன். அந்த ஆரஞ்சு வயர் அங்க ஈக்கக்கூடாது.”

அஸ்மினுக்கு அது எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, நீங்க கதைச்ச எண்டுதானே சொன்ன. அங்க மழை எண்டு சொன்ன. அவருக்கு இருமல், மருந்து எடுக்கிறாரில்ல எண்டு சொன்ன. நான் உம்மாட்டக் கேட்டு மருந்துகூடச் சொல்லித் தந்தேனே.”

“இல்லையெண்டு சொல்லியிருந்தா நீ லைனைக் கழட்டிக்கொண்டு போயிருப்பாய்.”

“கழட்டினா என்ன? அவர்தான் எடுக்கல்லயே!”

அனஸ்தாசியா போனைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றினாள்.

“ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிஞ்சு அந்தக் கட்டால வந்து, அக்கா இண்டைக்குக் கதைச்சாரா எண்டு கேட்டாய் தம்பி. எட்டு வருஷத்தில என்னட்ட ஒரு கேள்வி கேக்க வந்த ஆள் நீதான். ஓம் எண்டு சொன்னாத்தானே நாளைக்கும் வந்து கேப்பாய்.”

அஸ்மின் சட்டைப்பையிலிருந்து கறுப்புக் காதுத் துண்டை எடுத்தான். அதை ஹாஜியாரின் மேசையில் வைத்தான்.

“பம்புக்கு நேரமாகுது,” என்று அவள் ஜவாஹிரிடம் சொல்லிவிட்டு, ஓட்டோவை நோக்கி நடந்தாள்.